தினம் ஒரு தப்பு

மேசை மேல் விரித்து வைத்திருந்த வரைபடத்தைக் காணோம்.

முருகையா சார் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். பாயை உதறிப் பார்த்தார். கொசுவலையைக்கூடத் தூக்கிப் பார்த்தார். கொசு இருந்தது, வரைபடம் இல்லை.

"அர்ஜுனன்! இங்க வா. பிளான் எங்கடா?"

மாணவர்களில் மூத்தவனான அர்ஜுனன் வாயில் வேப்பங்குச்சியோடு ஓடி வந்தான். சாரைக் கண்டதும் குச்சியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "தொரை எடுத்துட்டுப் போயிட்டாரு சார்," என்றான்.

"எந்தத் தொரை?"

"இந்தத் தோட்டத்துத் தொரைதான் சார். காலையில ஆள் கணக்கெடுக்கப் பெரட்டுக்குப் போற வழியில எட்டிப் பார்த்தாரு. பிளானைப் பார்த்ததும், 'ரொம்ப நல்லா, ரொம்ப நல்லா'ன்னு சொல்லிச் சுருட்டிக் கக்கத்துல வச்சிக்கிட்டுப் போயிட்டாரு. நீங்க தூங்கிக்கிட்டிருந்தீங்க."

"என்னை எழுப்பக் கூடாதா?"

"வாத்தியாரை எப்படி சார் எழுப்புறது?"

முருகையா சார் தலையில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். போனது வெறும் பிளானாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பார். போனது தப்புப் பிளான். வேண்டுமென்றே, மெனக்கெட்டு, ரசித்து ரசித்து ஒரு தப்பை உள்ளே ஒளித்து வைத்து அவரே போட்ட பிளான்!

"அதை மையில பிரதி எடுத்தது யாரு?"

"நாங்க அஞ்சு பேரும்தான் சார்."

"நான் பென்சில்ல போட்டபடியேவா எடுத்தீங்க? எதையும் மாத்தலையே?"

அர்ஜுனன் பக்கத்தில் நின்ற நூருல் அமீனைப் பார்த்தான். கோலா சிலாங்கூர் மளிகைக் கடைக்காரர் சீனி முகம்மதுவின் மகன் நூருல் அமீன். வாயைத் திறந்து பேசிவிட்டால் வரி போட்டுவிடுவார்களோ என்று பயப்படுகிறவன் போல எப்போதும் மௌனமாக இருப்பான். அவன் கூரையைப் பார்த்தான்.

"சார் போட்டபடியேதான் சார்," என்றான் அர்ஜுனன்.

"போச்சு! எல்லாம் போச்சு!"

போனது என்னவென்று தெரிய வேண்டுமானால் முருகையா சாரின் பாடமுறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

கோலாலம்பூரில் ஒரு தொழிற்கல்லூரியில் நில அளவையும் வரைபடமும் சொல்லிக்கொடுக்கிறவர் அவர். இன்ஜினியருக்கு நம்பிக்கை ஆகவே ஆகாது என்பது அவர் கட்சி. புத்தகத்தை நம்பாதே, பிளானை நம்பாதே, வாத்தியாரையும் நம்பாதே. அதற்காகத் தினமும் பாடத்தில் ஒரே ஒரு தப்பைத் தெரிந்தே நுழைத்துவிடுவார். "இன்னிக்கும் ஒரு தப்பு வச்சிருக்கேன். கண்டுபிடிக்கிறவன் கையைத் தூக்கு!" என்று சவால் விடுவார். தப்பைக் கண்டுபிடிக்கப் பழகியவன் கட்டுகிற பாலம் இடியாது என்று அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. நம்பிக்கை ஆகாது என்கிறவருக்கு இது ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு.

இரண்டு வருஷமாக ஒருத்தன்கூடக் கையைத் தூக்கவில்லை.

"எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்பார். "சரியா இருக்கு சார்," என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். நல்ல பிள்ளைகள், மரியாதையான பிள்ளைகள், ஆனால் மண்டையில் களிமண் என்று வீட்டில் மனைவி கங்காவிடம் புலம்புவார். "தப்பா சொல்லிக் குடுத்தா தப்பாத்தான் படிப்பாங்க. சரியா சொல்லிக் குடுத்துத் தொலைங்களேன்," என்பாள் கங்கா. பெண்டாட்டிக்குப் பாடமுறையின் அருமை எங்கே தெரிகிறது!

போன மாதம் பிரின்சிபால் வகுப்புக்குள் வந்தார். கரும்பலகையில் ஒரு கணக்கு அபத்தமாக நிற்பதைப் பார்த்தார். பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்ததையும் பார்த்தார். "என்ன இது, முருகையா?" என்று அவர் ஒரு வரியைச் சுட்டிக் காட்ட, முருகையா சார் அந்த வரியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "வேணும்னே போட்டது சார்," என்றார்.

அன்றைக்கே பிரின்சிபால் அறையில் பஞ்சாயத்து முடிந்தது. கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் நில அளவைப் பயிற்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அங்கிருந்து ஒரே ஒரு புகார் வந்தாலும் போதும், முருகையா சார் இனிமேல் வகுப்புக்குள் காலடி வைக்கக் கூடாது. சாமான் கொட்டடியில் உட்கார்ந்து மண்வெட்டிகளை எண்ணிக்கொண்டிருக்கலாம். வகுப்பு இல்லாத வாழ்க்கையை அந்த மனுஷரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கரும்பலகைக்கு முன்னால் நின்றால்தான் அவருக்கு மூச்சே சீராக வரும்.

அப்படி வந்து சேர்ந்த இடம் இந்தப் புக்கிட் ஊலார் தோட்டம். புக்கிட் என்றால் மலாயில் குன்று. பெயரில்தான் குன்று, மேடு என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒரு கறையான் புற்றுகூடக் கிடையாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்று. அவசரகாலம். காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று, ரப்பர் மரங்களுக்கு நடுவே சிதறிக் கிடந்த தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களைப் பிரித்து, ஒரே இடத்தில் புது லயம் கட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் புது லயத்துக்கு ஒரு வாய்க்கால் வேண்டும். குளிக்கிற தண்ணீர், மழைத் தண்ணீர் எல்லாம் கிணற்றுப் பக்கத்திலிருந்து ஆற்றுக்குப் போக வேண்டும். தட்டையான நிலம்; சரிவு கொஞ்சம் மாறினாலும் தண்ணீர் திரும்பி வீட்டுக்குள் வந்துவிடும். பயிற்சிக்கு இதைவிட நல்ல கணக்குக் கிடைக்குமா? முருகையா சார் அந்தச் சரிவைத் தலைகீழாகப் போட்டு வைத்தார். ஆற்றிலிருந்து கிணற்றுக்கு!

பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள், அப்புறம் சரியான பிளானைப் போட்டுத் துரையிடம் கொடுக்கலாம் என்று இருந்தவர் தலையில்தான் இப்போது இடி.

சட்டைப் பொத்தானைப் போட்டபடியே ஆபீசுக்கு ஓடினார்.

துரை ஸ்காட்லாந்துக்காரர். இருபது வருஷம் பால்மரக் காட்டில் தமிழ் கற்றவர். கற்றது யாரிடம் என்பது அவர் வாயைத் திறந்தாலே தெரிந்துவிடும்.

"முருகையா! வா, வா. குந்து. நீ கெட்டிக்காரன். பிளான் ரொம்ப நல்லா."

"அதுல ஒரு சின்னத் திருத்தம் துரை. பிளானைக் கொஞ்சம் குடுத்தீங்கன்னா…"

"குடுக்க முடியாது." துரை மூலையில் இருந்த இரும்புப் பெட்டியைத் தட்டினார். "பூட்டியாச்சு. வேலி எங்கே, போலீஸ் கொட்டாய் எங்கே, எல்லாம் அதிலே இருக்கு. காட்டு ஆள் பார்த்தா அம்புட்டுதான். இப்போ அது ரகசியம்."

"அதைப் போட்டதே நான்தான் துரை."

"போட்டே. இப்போ மறந்துடு."

"இல்ல துரை, வாய்க்கால் சரிவு…"

துரையின் முகம் மாறியது. "தப்பு இருக்கா? சொல்லு. மாத்தணும்னா கோலா சிலாங்கூர் போலீஸ் துரை கையெழுத்து வேணும். உன் பிரின்சிபாலுக்கும் நான் எழுதணும். எழுதவா?"

முருகையா சாரின் கண்முன்னே மண்வெட்டிகள் வரிசையாக வந்து நின்றன.

"தப்பா? சேச்சே! நான் கோட்டைக் கொஞ்சம் அழகுபடுத்தலாம்னு பார்த்தேன்."

"அழகு போதும்," என்றார் துரை. "எத்தனை ஆழம்னு வெட்டுற ஆளுங்க மண்டோருக்கு வாயாலே சொல்லிட்டேன். நாளைக்கு வெட்டு."

திரும்பி வந்தால், காளியம்மா இலையில் சுடச்சுடச் சோறும் கருவாட்டுக் குழம்பும் பரிமாறிக்கொண்டிருந்தாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவள். பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடும் பொறுப்பையும் துரை அவளிடம் விட்டிருந்தார். புது லயத்தில் கிணற்றுப் பக்கத்து முதல் வீடு அவளுக்கு.

"இருபது வருசமா இருந்த வூட்டைப் பிரிச்சுட்டாங்க வாத்தியாரய்யா," என்றாள். "வயித்தெரிச்சல்தான். ஆனா அந்தப் பழைய வூட்ல மழை பேஞ்சா முழங்கால் தண்ணி. இங்க நீங்க தண்ணி ஓடக் கான் போட்டுக் குடுத்துட்டீங்க. இனிமே எம் வாசல்ல சொட்டுத் தண்ணி நிக்காதுன்னு தொரை சொன்னாரு. நீங்க நல்லா இருக்கணும். இன்னொரு கருவாடு வைக்கட்டா?"

முருகையா சார் பாதிச் சோற்றோடு இலையை மூடினார். தலைகீழ்ச் சரிவில் அத்தனை தண்ணீரும் வந்து நிற்கப்போவது இவள் வாசலில்தான். சாமான் கொட்டடிக்குப் போகும்போது இந்தப் பாவத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டுமா?

கையைக் கழுவிய கையோடு மண்டோர் உடையப்பனைத் தேடிப் போனார். வாய்க்கால் வெட்டும் ஆட்களுக்குத் தலைவர் அவர்தான்.

"மண்டோர், தொரை ஆழம் சொன்னாரா?"

"சொன்னாருங்கய்யா."

"கிணத்துப் பக்கம் எத்தனை அடி?"

உடையப்பன் இரண்டு பக்கமும் பார்த்தார். "அதைச் சொல்லக் கூடாதுங்க. மாரியாத்தா மேல சத்தியம் வாங்கிட்டாரு."

"தொரையா? மாரியாத்தா மேலயா?"

"அவருக்கு எங்களைத் தெரியுங்கய்யா."

முருகையா சார் யோசித்தார். எண்ணைச் சொல்லத்தானே சத்தியம் தடை? "சரி, நீங்க எண்ணைச் சொல்ல வேணாம். தொரை கிணத்துப் பக்கத்துக்குச் சொன்ன ஆழத்தை ஆத்துப் பக்கம் வெட்டுங்க. ஆத்துப் பக்கத்துக்குச் சொன்னதைக் கிணத்துப் பக்கம் வெட்டுங்க. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

"தலைகீழாவா?"

"தலைகீழா."

உடையப்பன் தலையைச் சொறிந்தார். "சரிங்கய்யா," என்றார்.

எத்தனை சுலபமாக முடிந்தது! அன்று மத்தியானம் முருகையா சார் குறட்டை விட்டுத் தூங்கினார். அந்தக் குறட்டை ஓய்வதற்குள் வாசலில் துரையின் ஆள் வந்து நின்றான்.

ஆபீசில் துரை மட்டும் இல்லை. கோலா சிலாங்கூரிலிருந்து ஜீப்பில் போலீஸ் துரையும் வந்திருந்தார். மூலையில் உடையப்பன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். அவர் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"மன்னிச்சிருங்கய்யா. ஒரு பக்கம் மாரியாத்தா, ஒரு பக்கம் வாத்தியாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. தொரைகிட்டேயே கேட்டுட்டேன்."

"முருகையா," என்றார் துரை. குரலில் பாறாங்கல். "கானைத் தலைகீழா வெட்டுன்னு நீ சொன்னியா? லயத்துக்குள்ளே தண்ணி விட யார் பார்க்கிறது? என்னா சங்கதி?"

போலீஸ் துரை இடுப்பில் கை வைத்தார். கை வைத்த இடத்தில் ரிவால்வர் இருந்தது.

முருகையா சார் ஓரடி பின்வாங்கினார். ஆனால் வாத்தியார் வேலை பார்த்தவருக்கு வாய் மட்டும் எந்த நிலையிலும் வேலை செய்யும்.

"சோதனை, துரை."

"என்னா சோதனை?"

"மண்டோர் ரகசியத்தைக் காப்பாத்துறாரான்னு ஒரு சோதனை. யாராவது வந்து மாத்தி வெட்டச் சொன்னா கேட்டுடுவாரா, உங்ககிட்ட வந்து சொல்வாரான்னு பார்த்தேன். பாஸ் பண்ணிட்டார்!"

 துரை மேசையை ஓங்கிக் குத்தினார். "சபாஷ்! பார்த்தியா? இந்த ஆள்தான் ஆள்!" போலீஸ் துரை கையை இடுப்பிலிருந்து எடுத்து முருகையா சாரின் கையைக் குலுக்கினார். உடையப்பனுக்கு ஒரு டின் சிகரெட் பரிசு கிடைத்தது. முருகையா சாருக்குக் கிடைத்த பரிசுதான் கொடுமை. வாத்தியார் காட்டிய வழியில் பாதுகாப்பைக் கூட்ட வேண்டும் என்று, வாய்க்கால் நெடுக ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களை நிறுத்திவிட்டார்கள். வெட்டுகிற ஆட்களைத் தவிர ஈ காக்கைகூட அண்டக் கூடாது. வாத்தியாரும் சேர்த்துத்தான்.

"தேவையாடா உனக்கு இது?" என்று அவர் தன்னையே திட்டிக்கொண்டு திரும்பினார்.

மறுநாள் மண்வெட்டிகள் விழும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு வெட்டும் அவர் நெஞ்சில் விழுந்தது. என்ன ஆழத்தில் வெட்டுகிறார்கள் என்று பார்க்கவும் வழியில்லை. பிள்ளைகள் ஐந்து பேரும் வராந்தாவில் உட்கார்ந்து சமர்த்தாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தன், ஒரே ஒருத்தன் அன்றைக்கே கையைத் தூக்கியிருந்தால் இந்தப் பாடு உண்டா?

"அந்த வாய்க்கால் பிளான்ல எல்லாம் சரியா இருந்துச்சா?" என்று கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்தார்.

"சரியா இருக்கு சார்," என்றார்கள் ஐந்து பேரும்.

அப்போதுதான் அவருக்கு லெவல் கருவி ஞாபகம் வந்தது. முக்காலியில் நிற்கும் தூரக்கண்ணாடி. கிட்டே போக வேண்டாமே, வராந்தாவில் இருந்தே பார்த்துவிடலாமே! முக்காலியை விரித்தார், கண்ணாடியைப் பொருத்தினார், வாய்க்கால் பக்கம் திருப்பிக் குனிந்து ஒரு கண்ணை மூடினார்.

வாய்க்கால் பக்கம்தான் போலீஸ் கொட்டாயும் இருந்தது என்பதை அவர் யோசிக்கவில்லை. வராந்தாவிலிருந்து ஏதோ ஒரு குழாய் தன்னைக் குறிபார்ப்பதைக் கான்ஸ்டபிள் பார்த்தார். அடுத்த கணம் விசில் பறந்தது. நாலு துப்பாக்கிகள் வராந்தாவைச் சூழ்ந்தன. முருகையா சார் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு மண்டி போட்டார். இரண்டு வருஷமாகப் பிள்ளைகள் தூக்காத கையை வாத்தியார் தூக்கிவிட்டார்!

"இவரு எங்க சார்! எங்க சார்! ரொம்ப நல்லவரு!" என்று அர்ஜுனன் குறுக்கே பாய்ந்து, தமிழில் பாதி மலாயில் பாதியாகக் கெஞ்சினான். மற்ற பிள்ளைகள் சாரைச் சுற்றிக் கைகோத்து நின்றுகொண்டார்கள். நூருல் அமீன் சாருக்கு முன்னால் போய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். சாரை விட்டுவிட்டார்கள். கருவியை மட்டும் சந்தேகத்துக்குரிய பொருள் என்று ஜீப்பில் ஏற்றிக் கோலா சிலாங்கூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

"சாரை மண்டி போட வச்சிட்டானுங்க லா," என்று மலாய் 'லா'வோடு அர்ஜுனன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. களிமண் மண்டைகளானாலும் தங்கமான பிள்ளைகள் என்று நினைத்தபோது முருகையா சாருக்குக் கண் கலங்கியது.

வாய்க்கால் வெட்டி முடிந்தது. காளியம்மா பெட்டி படுக்கையோடு முதல் வீட்டில் குடியேறிப் பால் காய்ச்சினாள். முருகையா சாருக்கும் ஒரு தம்ளர் வந்தது. அவர் அதை வாங்கிக் குடிப்பதற்குள் மேற்கே, கடல் பக்கம், வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

முதல் இடி விழுந்ததும் அவர் முடிவு செய்துவிட்டார். வேலை போனால் போகட்டும், மண்வெட்டிகளை எண்ணினால் எண்ணிவிட்டுப் போகிறது. ஒரு பொம்பளையின் வீட்டில் தன் தப்பால் தண்ணீர் ஏறக் கூடாது.

ஆபீசுக்குள் நுழையும்போது மழை ஆரம்பித்துவிட்டது.

"துரை, அது சோதனை இல்லை. நான் சொன்னது பொய். அந்தப் பிளான்ல சரிவு தலைகீழா இருக்கு. நான்தான் வேணும்னே தப்பாப் போட்டேன்."

துரை புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்தார். "வேணும்னேவா?"

"ஆமாம் துரை."

"எதுக்கு?"

"பிள்ளைங்க கண்டுபிடிக்கணும்னு."

"கண்டுபிடிச்சாங்களா?"

"இல்லை துரை."

துரை எழுந்தார். அவர் முகம் சிவந்ததைப் பார்த்து முருகையா சார் கண்ணை மூடிக்கொண்டார். "உன் பிரின்சிபாலுக்கு இன்னிக்கே எழுதுறேன்! முதல்லே ஓடு! ஆட்களைக் கூப்பிடு! சாமானை மேலே தூக்கு!"

மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. முருகையா சார் முன்னால் ஓட, துரை தொப்பியோடு பின்னால் ஓடினார். வேலி வாசலில் கான்ஸ்டபிள்கள் வழிவிட்டு விழித்தார்கள். முருகையா சார் நேரே காளியம்மா வீட்டுக்குள் பாய்ந்து, கண்ணில் முதலில் பட்ட அரிசி டின்னைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

"ஐயய்யோ! அரிசியைத் தூக்கிட்டு எங்கய்யா போறீங்க?" என்று காளியம்மா அலறினாள். "ரேசன் அரிசிய்யா! வேலியைத் தாண்டினா சுட்டுப்புடுவான்!"

"எங்கேயும் போகலம்மா! தண்ணி வருது! நீயும் பெஞ்சு மேல ஏறு!"

அவர் பெஞ்சின் மேல் ஏறி, அரிசி டின்னும் தலையுமாக, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். தண்ணீர் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்தும் வரவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். காளியம்மா வாசலில் நின்றுகொண்டு வெளியே எட்டிப் பார்த்தாள்.

"வாத்தியாரய்யா, தண்ணி அந்தப் பக்கமில்ல போவுது."

"எந்தப் பக்கம்?"

"ஆத்துப் பக்கம்தான். ஜோராப் போவுது, வந்து பாருங்க."

டின்னோடு வாசலுக்கு வந்தார். வாய்க்கால் நிறையக் கலங்கல் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஆற்றை நோக்கி ஓடியது. கரையில் நின்று குனிந்து பார்த்த துரையின் தலையிலிருந்து தொப்பி நழுவி உள்ளே விழுந்தது. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஆற்றுப் பக்கம் கிளம்பிப் போயிற்று. உடையப்பன் தொப்பியின் பின்னால் ஓடினார்.

துரை நனைந்த தலையோடு முருகையா சாரைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். மறுபடி முருகையா சாரைப் பார்த்தார்.

"கான் சரியா இருக்கு."

"இருக்கு துரை."

"நீ தப்புன்னே."

"சொன்னேன் துரை."

"முருகையா, நீ செய்யாத தப்பையும் செஞ்சேன்னு சொல்றே. இவ்வளவு நல்லவன் உலகத்துக்கு ஆகாது." துரை சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "உன் பிரின்சிபாலுக்கு எழுதுறேன். சிலாங்கூர்லே இந்த மாதிரி கான் கிடையாதுன்னு எழுதுறேன். போய்த் தலையைத் துவட்டு. அரிசியைக் கீழே வை."

முருகையா சார் டின்னைக் கீழே இறக்கி வைத்தார். போட்டது தலைகீழ்ச் சரிவு. மண்டோர் துரை சொன்னபடிதான் வெட்டினார். துரை பிளானில் இருந்தபடிதான் சொன்னார். அப்படியென்றால் பிளானில்…

வராந்தாவில் ஐந்து பிள்ளைகளும் கைகட்டி வரிசையாக நின்றார்கள். அவர் ஒன்றும் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அர்ஜுனன் தானாகவே தரையைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"மன்னிச்சிடுங்க சார். சரிவு தலைகீழா இருக்குன்னு முதல் நாளே பார்த்துட்டோம். பிரதி எடுக்கும்போது நாங்களே சரி பண்ணிட்டோம்."

"பார்த்துட்டீங்களா?" என்றார் முருகையா சார். "அப்ப ஏண்டா சொல்லல? 'சார் போட்டபடியே'ன்னு சொன்னியே!"

"சார் முகத்துக்கு நேரா, தப்புன்னு எப்படி சார் சொல்றது? எங்கம்மா கேட்டா விளக்கமாத்தைத் தூக்கிடும்."

"அப்ப வகுப்புல? ரெண்டு வருஷமா நான் தினமும் போட்டேனே, அந்தத் தப்பு?"

"அதையும் பார்ப்போம் சார். மனசுக்குள்ள திருத்திக்கிட்டு எழுதிக்குவோம். வெளியில சொல்றதில்ல."

முருகையா சார் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருஷம்! களிமண் என்று இவர் நினைத்த மண்டைகள் அத்தனையும் கற்பூரம். வாயைத் திறந்து சொல்ல மரியாதை தடுத்திருக்கிறது, அவ்வளவுதான். அவருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எழுந்து அர்ஜுனனைக் கட்டிக்கொண்டார். மற்றவர்களையும் இழுத்துச் சேர்த்துக்கொண்டார். நனைந்த சட்டையோடு எல்லாரையும் நனைத்தார்.

"ஜெயிச்சிட்டோம்டா! பிரின்சிபால்கிட்ட போய்ச் சொல்றேன். கங்காகிட்டயும் சொல்றேன். என் முறை தோத்துப் போன முறைன்னு எத்தனை பேர் சிரிச்சாங்க! இத்தனை பெரிய பிளானுக்குள்ள ஒரே ஒரு தப்பை ஒளிச்சு வச்சேன், அந்த ஒண்ணையும் என் பிள்ளைங்க கண்டுபிடிச்சிட்டாங்கன்னு சொல்றேன். இனிமே பயப்படாதீங்க. எதுவா இருந்தாலும் வாயைத் திறந்து கேக்கணும். என்ன, கேப்பீங்களா?"

"கேப்போம் சார்!" என்றார்கள் நாலு பேர்.

நூருல் அமீன் மட்டும் பேசவில்லை. வந்ததிலிருந்து தானாக வாயைத் திறக்காத பிள்ளை. அவன் ஏதோ சொல்ல வருவதும் விழுங்குவதுமாக நிற்பதை முருகையா சார் பார்த்தார். அர்ஜுனன் முழங்கையால் அவனை இடித்து, "வேணாம் லா," என்று பல்லைக் கடித்துச் சொன்னதையும் பார்த்தார்.

"நீ சும்மா இரு அர்ஜுனன். அமீன், தைரியமாக் கேளுப்பா. இன்னிக்கு நீ எது கேட்டாலும் சார் சந்தோஷமாப் பதில் சொல்வேன்."

நூருல் அமீன், இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கையைத் தூக்கினான்.

"அந்தப் பிளான்ல நாங்க மொத்தம் நாலு தப்பைத் திருத்தினோம் சார். அதுல எது சார் நீங்க வேணும்னே போட்டது?"